டிராக்கிங் ‘டெலிவர்டு’ என்கிறது, வாடிக்கையாளர் ‘வரவில்லை’ என்கிறார்

கேள்வி: வணக்கம் மேடம். சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் படம் போடுவேன், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும், ஜிபேயில் பணம் வந்ததும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுவேன். போன மாதம் சென்னை வாடிக்கையாளர் ஒருவருக்கு 2,850 ரூபாய்க்கு இரண்டு சேலை அனுப்பினேன். சனிக்கிழமை டெலிவரி ஆகிவிட்டதாக டிராக்கிங் காட்டுகிறது. அவரோ செவ்வாய்க்கிழமை மெசேஜ் போட்டு, பார்சல் வரவே இல்லை, பணத்தைத் திருப்பிப் போடுங்கள் என்கிறார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், ‘அதெல்லாம் எனக்குத் தெரியாது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன், கமெண்டில் எழுதுவேன்’ என்கிறார். அன்பாக்சிங் வீடியோ இல்லாமல் ரீஃபண்ட் கிடையாது என்று என் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு எனக்கு இது இரண்டாவது முறை. இவர் ஏமாற்றுகிறாரா? பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? மற்ற விற்பனையாளர்கள் உஷாராக இருக்கட்டும் என்று இவர் பெயரையும் நம்பரையும் ஸ்டோரியில் போடலாமா?
(ஒரு வாசகி, சின்னாளபட்டி)

பதில்: வணக்கம் சகோதரி.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவசரம். ஸ்டோரியில் போடாதீர்கள். போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்று நிரூபிக்க இன்றைய தேதியில் உங்களிடம் ஒன்றும் இல்லை. அப்படியிருக்கப் பெயரையும் நம்பரையும் போட்டு ‘உஷார்’ என்று எழுதினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவைக் காட்டி உங்கள் மேல் அவதூறு வழக்குப் போட அவருக்கு வழி கிடைக்கும். போதாததற்கு, பார்சல் அனுப்புவதற்காக அவர் நம்பிக் கொடுத்த நம்பர் அது. ஸ்டோரியைப் பார்க்கும் மற்ற வாடிக்கையாளர்கள் ‘நாளைக்கு என் நம்பரும் இப்படித்தான் வருமோ’ என்றுதான் யோசிப்பார்கள்.

‘ஏமாற்றுகிறாரா’ என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள், பண்டிகை சீசனில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறார்கள். ஆனால் என்னிடம் வரும் இந்த மாதிரி விவகாரங்களில் பெரும்பாலும் பார்சல் வேறு யார் கையிலாவது, ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். ஒரு வழக்கில் கூரியர் ஆபீசிலிருந்து பிஓடி (பார்சலைக் கொடுத்ததற்கான கையெழுத்துச் சீட்டு) நகலை வாங்கிப் பார்த்தோம். பெற்றவர் கையெழுத்துப் போடும் இடத்தில் ‘செக்யூரிட்டி’ என்பது போல ஒரு கிறுக்கல், அதற்குக் கீழே ‘பி’. வாடிக்கையாளரின் வீடு இருப்பதோ ‘டி’ பிளாக்கில். ‘பி’ பிளாக் செக்யூரிட்டி மேசைக்குக் கீழே, பழைய பேப்பர் கட்டுக்கு அடியில், பிரிக்காத பார்சல் அப்படியே கிடந்தது. அதற்குள் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் திருடர் என்று வாட்ஸ்அப்பில் திட்டித் தீர்த்திருந்தார்கள். இன்னொரு பார்சல் ஈபி மீட்டர் பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. வீட்டில் ஆள் இல்லை என்று உள்ளே வைத்த கூரியர் பையன், போன் போட்டுச் சொல்ல மறந்துவிட்டான்.

‘டெலிவர்டு’ என்பது தபால்காரரோ கூரியர் பையனோ தன் போனில் அமுக்குகிற ஒரு பொத்தான். அன்றைய பையைக் காலி செய்து கணக்கை முடிக்கிற அவசரத்தில், வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே அமுக்கிவிடுவதும் உண்டு. ஆகவே நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அவர் மதிக்காததில் வியப்பில்லை. யாரிடம் கொடுத்தார்கள், எந்த வாசலில், எத்தனை மணிக்கு, கையெழுத்து வாங்கினார்களா அல்லது ஓடிபியா? இது தெரிகிற வரை பணம் தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள், தர முடியாது என்றும் சொல்லாதீர்கள்.

அன்பாக்சிங் வீடியோ விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பார்சலே கைக்கு வரவில்லை என்பவர் எதைப் பிரித்து வீடியோ எடுப்பார்? சேலை கிழிந்திருக்கிறது, பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது என்ற புகார்களுக்குத்தான் அந்த நிபந்தனை பயன்படும். இந்தப் புகாருக்கு அதைத் தூக்கிக் காட்டினால் நீங்கள் வேண்டுமென்றே தட்டிக்கழிப்பதாகத் தோன்றும். பின்னால் யாராவது உங்கள் சாட்டைப் படித்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இப்போது அவருக்கு ஒரு மெசேஜ் எழுதுங்கள். போனில் பேசினாலும் பேசியதை எழுத்தில் போட்டுவிடுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

“வணக்கம் மேடம். பார்சல் கைக்கு வரவில்லை என்று நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை இத்தனை மணிக்கு டெலிவரி ஆனதாகத் தபால் துறையின் பதிவு இருக்கிறது. யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்டு இன்றே நான் புகார் பதிவு செய்கிறேன், புகார் எண்ணை உங்களுக்கு அனுப்புகிறேன். இதற்கிடையில் வீட்டில் இருப்பவர்களிடமும், பக்கத்து வீட்டிலும், செக்யூரிட்டியிடமும் ஒரு முறை கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் முகவரி இதுதானே?”

அதன் கீழே கதவு எண், பிளாக், பின்கோடு எல்லாம் சேர்த்து, பார்சல் மேல் எழுதியது எழுதியபடி போடுங்கள். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘அய்யோ, நாங்கள் வீடு மாறிவிட்டோம், பழைய அட்ரஸ் கொடுத்துவிட்டேன்’ என்ற பதில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. பெரிய குடியிருப்புகளில் மைகேட் போன்ற செயலி இருக்கும். சனிக்கிழமை எத்தனை மணிக்கு யார் உள்ளே வந்தார்கள் என்று அதில் பதிவாகியிருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து புகார். அனுப்பியவர் நீங்கள், கட்டணம் கட்டியதும் நீங்கள், ரசீது இருப்பதும் உங்களிடம். ‘நீங்களே போஸ்ட் ஆபீசில் போய்க் கேளுங்கள்’ என்று வாடிக்கையாளரை அலைய விடாதீர்கள். இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்திலோ, 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, ரசீதில் உள்ள 13 எழுத்து எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யலாம். அதோடு நிற்காமல், புக் செய்த போஸ்ட் ஆபீசில் எழுத்து மூலமாக ஒரு மனுவும் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் ‘பார்சல் என்ன ஆனது’ என்று பொதுவாகக் கேட்டால் ‘டெலிவரி செய்யப்பட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘பெற்றுக்கொண்டவர் பெயர், கையெழுத்து நகல், நேரம் ஆகியவற்றைத் தரவும்’ என்று கேளுங்கள். இப்போதெல்லாம் தபால்காரர் தன் போன் திரையிலேயே கையெழுத்து வாங்குகிறார். அந்தக் கையெழுத்துதான் உங்களுக்கு வேண்டும். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதே கேள்விகளைக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தனியார் கூரியரில் இந்த வசதி கிடையாது. அங்கே பிஓடி நகல் கேட்டுக் கிளை மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்புவதுதான் வழி.

பதில் வந்ததும் என்ன செய்வது? ஓடிபி சொல்லி வாங்கியதாகப் பதிவு இருந்து, அந்த ஓடிபி போனது அவர் நம்பருக்குத்தான் என்றால், பணம் தர வேண்டியதில்லை. மரியாதையாக, பதிவின் நகலோடு, தர இயலாது என்று எழுதுங்கள். கையெழுத்து வேறு யாருடையதோ என்றால், அல்லது கையெழுத்தே இல்லை என்றால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது அவர் சம்மதித்தால் வேறு சேலை அனுப்புங்கள். வலிக்கும்தான். ஆனால் அந்த இடத்தில் உங்கள் பக்கம் வாதாட எதுவும் இல்லை.

சங்கடம் இரண்டுக்கும் நடுவில் இருப்பது: ஏதோ ஒரு கையெழுத்து இருக்கிறது, அது வீட்டில் ஒருவருடையதாகவும் இருக்கலாம். அப்போது நகலை அனுப்பி, ‘இது எங்கள் வீட்டில் யாருடைய கையெழுத்தும் இல்லை, பார்சல் எங்களுக்குக் கிடைக்கவில்லை’ என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தபால் துறைப் புகாருக்கு வேண்டும் என்று காரணம் சொல்லுங்கள், உண்மையிலேயே வேண்டும்தான். நிஜமாகவே பார்சல் வராதவர் உடனே எழுதித் தந்துவிடுவார். மற்றவர் அதற்கு மேல் பேச்சை வளர்ப்பதில்லை, அல்லது இரண்டு நாள் கழித்து ‘மாமியார் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்களாம்’ என்று வருவார். சும்மா ‘வரவில்லை’ என்று டைப் அடிப்பது வேறு, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு. பொய் சொல்லிப் பணம் பறித்தால் அது அதே நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் மோசடிக் குற்றம்தான். ஆனால் அதைச் சொல்லி அவரை மிரட்டாதீர்கள். இந்தத் தொகைக்கு ஸ்டேஷனில் உங்களை உட்கார வைத்து, ‘இது சிவில் விவகாரம்மா’ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

சட்டப்படி யார் பக்கம் என்று கேட்பீர்கள். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் 39ஆவது பிரிவு, வாங்குபவருக்கு அனுப்புவதற்காகப் பொருளைச் சுமந்து செல்பவரிடம் ஒப்படைத்தாலே, மேலோட்டமாகப் பார்க்கையில், வாங்குபவரிடம் ஒப்படைத்த மாதிரிதான் என்கிறது. இந்த வரியை மட்டும் படித்துவிட்டு ‘போஸ்ட் ஆபீசில் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது’ என்று வாதாடும் விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன். அதே பிரிவின் அடுத்த பகுதி, பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டோடு அனுப்பாமல் அது வழியில் தொலைந்தால், கிடைத்ததாக ஏற்க முடியாது என்று வாங்குபவர் சொல்லலாம் என்கிறது. தவிர, ‘வீட்டுக்கே வரும், டெலிவரி இலவசம்’ என்று நீங்களே எழுதியிருந்தால் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வாக்கு என்று அவர் தரப்பு வாதிடும். நுகர்வோர் ஆணையத்தில், அதாவது அவர் சொன்ன கன்ஸ்யூமர் கோர்ட்டில், முதலில் எழும் கேள்வி, பொருள் கைக்குப் போனதற்கு என்ன அத்தாட்சி என்பதுதான்.

கன்ஸ்யூமர் கோர்ட் என்று அவர் சொன்னதை வெற்று மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி அவர் தான் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. வீட்டிலிருந்துதான் விற்கிறேன், கடை இல்லை என்பது உங்களுக்கு விலக்கு ஆகாது. தொடர்ந்து தொழிலாகச் செய்கிற யாரையும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கட்டுப்படுத்தும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அந்த விதிகளின் காலக்கெடு. மேலே சொன்ன மெசேஜை உடனே அனுப்பச் சொன்னது அதனால்தான். ஆணையத்திலிருந்து நோட்டீசே வந்துவிட்டால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும், ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள் கிடைக்கும், அதற்கு மேல் கிடையாது. சென்னை வரை யார் போவது என்று நோட்டீசை மேசையில் போட்டுவிடுகிறவர்கள்தான் தோற்கிறார்கள். காணொலியில் ஆஜராக அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தபால் துறையிடம் நஷ்டஈடு வாங்கிவிடலாம் என்ற கணக்கும் போடாதீர்கள். 2024 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் புதிய அஞ்சலகச் சட்டமும் பழைய சட்டத்தைப் போலவே துறையின் பொறுப்பை மிகவும் குறுக்கி வைத்திருக்கிறது. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கிடைப்பது, கட்டிய கட்டணத்தைப் போல இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இன்ஷூரன்ஸ் சேர்த்து அனுப்பினால்தான் சேலையின் விலை திரும்பும். தனியார் கூரியரிலும் இதே நிலைதான். சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், கையெழுத்துப் போட்ட கூரியர் சீட்டில் இருந்த 100 டாலர் வரம்பு செல்லும் என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றால் எடுபடாது.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வந்தால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். ‘வீட்டுக்காரர் நம்பருக்குப் போடுங்கள்’ என்றால் மறுத்துவிடுங்கள். அனுப்பும் முன், ‘2,850 ரூபாய் பெற்றுக்கொண்டால் இந்த ஆர்டர் குறித்து வேறு கோரிக்கை இல்லை, பார்சல் பிறகு கிடைத்தால் திருப்பி அனுப்புகிறேன் அல்லது பணம் தருகிறேன்’ என்று அவரிடம் ஒரு மெசேஜ் வாங்குங்கள். பழைய சாட்டை அழிக்காதீர்கள். போன் மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை விட அசல் சாட் இருக்கும் போனுக்கு மதிப்பு அதிகம்.

உங்களுக்கு இப்போது வராத ஒரு சிக்கலையும் சொல்லிவைக்கிறேன். நாளைக்கு நீங்கள் பேமெண்ட் லிங்க் அனுப்பி, ஒருவர் கிரெடிட் கார்டில் கட்டினால், அவர் உங்களிடம் கேட்காமலே தன் வங்கியில் ‘பொருள் வரவில்லை’ என்று சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை) போடலாம். அந்தப் பேமெண்ட் லிங்கை நடத்தும் கேட்வே கம்பெனிக்காரர்கள் உங்களிடம் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள், கெடு சில நாள்தான். பில், புக்கிங் ரசீது, டெலிவரிப் பதிவு, சாட் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்ற வேண்டும். அது நடந்துகொண்டிருக்கும்போது அவர் அழுகிறார் என்று தனியாக ஜிபேயில் பணம் அனுப்பிவிடாதீர்கள். வங்கியும் அவருக்கே தீர்ப்புச் சொன்னால் ஒரே சேலைக்கு இரண்டு முறை பணம் போகும்.

இனி அனுப்பும் பார்சல்களுக்கு. 2025 அக்டோபர் முதல் ஸ்பீட் போஸ்ட்டில் ஓடிபி டெலிவரி என்ற வசதி இருக்கிறது. ஒரு பார்சலுக்கு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பழைய ரிஜிஸ்டர் தபாலின் இடத்தில் வந்த பதிவு வசதிக்கும் அதே 5 ரூபாய்தான். அதைச் சேர்த்தால் முகவரியில் உள்ளவரிடமோ அவர் அனுமதித்தவரிடமோ மட்டுமே கொடுக்க வேண்டும். கவுண்டரில் நீங்கள் கேட்டால்தான் போடுவார்கள், வாய் திறந்து கேளுங்கள். ஓடிபி வாடிக்கையாளர் நம்பருக்குப் போக வேண்டும் என்பதால், வசதிக்காகப் பார்சலில் உங்கள் நம்பரை மட்டும் எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பார்க்காமல் போனிலேயே ஓடிபியைச் சொல்லிவிடும் வாடிக்கையாளர்களும் உண்டு. ‘கையில் வாங்கிய பிறகு சொல்லுங்கள்’ என்று டிராக்கிங் நம்பர் அனுப்பும்போதே ஒரு வரி சேருங்கள். ரசீதில் அச்சாகும் எடையைப் பாருங்கள். பெட்டி காலி, ஒரு சேலைதான் இருந்தது என்று பின்னால் யாராவது சொன்னால், அந்தக் கிராம் கணக்கு உங்களுக்காகப் பேசும்.

உங்கள் பக்கத்தில் அந்த அன்பாக்சிங் வரிக்குப் பக்கத்திலேயே, ‘டெலிவரி ஆனதாகக் காட்டி பார்சல் வரவில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள், விசாரித்து இத்தனை நாளில் பதில் சொல்கிறோம்’ என்று எழுதிவிடுங்கள். கமெண்டில் அவர் எழுதினாலும் பரவாயில்லை. ‘புகார் எண் இது, இந்தத் தேதியில் பதிவு செய்திருக்கிறோம், பதில் வந்ததும் தீர்த்துவைப்போம்’ என்று ஒரே ஒரு முறை பதில் போட்டுவிட்டு விடுங்கள். புகார் எண்ணைப் போடலாம், அவருடைய முகவரியையோ போன் நம்பரையோ அல்ல.

தீபாவளிக்குப் பிறகு இரண்டாவது முறை என்கிறீர்கள். முதல் பார்சல் எந்த பின்கோடுக்குப் போனது என்று எழுதவில்லை. இரண்டு ரசீதையும் எடுத்துப் பாருங்கள். பின்கோடு ஒன்றாக இருந்து ஆட்கள் வேறாக இருந்தால் தகராறு வாடிக்கையாளரிடம் இல்லை, அந்த டெலிவரி ஆபீசில் இருக்கிறது. அப்போது இரண்டு டிராக்கிங் எண்ணையும் ஒரே மனுவில் போட்டு, அந்த அஞ்சல் கோட்டத்தின் முதுநிலைக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். பெயர் வேறாக இருந்து முகவரியோ போன் நம்பரோ ஒன்றாக இருந்தால் மட்டும், பணம் அனுப்பும் முன் ரசீதுகளோடு எனக்கு இன்னொரு முறை எழுதுங்கள்.